சிவப்புக் கம்பி கட்டிய துண்டு

பலகையை வேக வைக்கலாம் என்பதை எனது பத்தாம் வயதில் அறிந்துகொண்டேன். நெல் அவிப்பது தெரியும். பனங்கிழங்கு அவிப்பது தெரியும். ஒரு பலகையைக் குண்டானில் இட்டு, நீர் ஊற்றி, எட்டு மணி நேரம் கொதிக்க விட்ட வீடு கடலூரில் எங்கள் வீடு ஒன்றாகத்தான் இருந்திருக்கும். இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு, ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. அந்தக் குண்டானுக்குக் காவலாக நியமிக்கப்பட்டவள் நான்.

அப்பொழுது நாங்கள் புதுப்பாளையத்தில் வாடகைக்கு இருந்தோம். தேவனாம்பட்டினம் செல்லும் சாலையை ஒட்டி அப்பா கட்டிக்கொண்டிருந்த சொந்த வீடு, பூச்சு வேலை முடிந்து, சமையலறை அலமாரிகளுக்காகக் காத்திருந்தது. அப்பா ஒரு பள்ளியில் வேதியியல் ஆய்வுக்கூட உதவியாளர். குடுவைகளைக் கழுவி அடுக்குவதே அவர் பணி என்றாலும், சோதித்துப் பார்க்காமல் எதையும் நம்பக் கூடாது என்னும் கொள்கையில் அவர் எந்த ஆசிரியருக்கும் இளைத்தவர் அல்லர். பால்காரரின் பாலும் மளிகைக் கடையின் மிளகாய்த் தூளும் எங்கள் வீட்டில் தேர்வெழுதித் தேறிய பிறகே சமையலுக்குள் நுழைந்தன.

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, சிதம்பரத்தில் ப்ளைவுட் கடை வைத்திருந்தார். பலகை, கீல், கைப்பிடி, இழுப்பறை ஓடும் சேனல், பசை, ஆணி என அலமாரிக்கு வேண்டிய யாவும் அங்கே கிடைக்கும். கடை திறந்து இரண்டு ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. எங்கள் பக்கத்தில் புதுமனை புகும் நாளில் பெண்ணின் தாய்வீட்டார் சீர் கொண்டுவருவது வழக்கம். பாத்திரமும் பட்டும் பழத்தட்டும் வைப்பார்கள். மாமாவோ, “சமையல்ரூம் கபோர்டு மொத்தமும் என் சீரு. பலகைல இருந்து கடைசி ஸ்க்ரூ வரைக்கும். யாரும் குறுக்க பேசக் கூடாது” என்று அறிவித்துவிட்டார். இச்செய்தியை எங்கள் தெருவில் உள்ளோர் அனைவருக்கும் சொல்லி முடிக்க அம்மாவுக்கு மூன்று நாட்கள் ஆயின.

முதலில் வந்தவை கீல்கள். வெள்ளி போல மின்னின. அப்பா அவற்றில் இரண்டை எடுத்து, கடலிலிருந்து மொண்டுவந்த நீர் நிறைந்த கண்ணாடிப் புட்டியில் போட்டு ஜன்னலில் வைத்தார். கடற்காற்று ஓயாமல் அடிக்கும் வீட்டில் எந்தக் கீல் நிலைக்கும் என்பதற்கு அது அவர் கண்ட சோதனை. மூன்றாம் நாள் புட்டி நீர் செம்மண் கரைசல் ஆயிற்று. அம்மா அந்த ஜன்னல் பக்கம் திரும்பாமலே நடக்கப் பழகிக்கொண்டார். அடுத்த ஞாயிறு மாமா வந்தபோது அப்பா எதுவும் சொல்லாமல் புட்டியை அவரிடம் நீட்டினார்.

“இன்னா மாமா இது, டீயா?”

“உன் கீலு, மச்சான். எவர்சில்வர்னு சொன்னியே.”

மாமா புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சமையலறை வாசலில் அம்மா வந்து நின்றார். பிறகு மாமா வீடதிரச் சிரித்தார். “முலாம் பூசிக் குடுத்து ஏமாத்திட்டான் மாமா, சரக்கு போட்டவன். நல்லவேளை காட்டினீங்க. கடைல கெடக்கறதையும் சேத்து அவன்கிட்டயே கொட்டிட்டு வரேன்.” சொன்னவாறே செய்தார். மறு வாரம் வேறு கீல்கள் வந்தன, காந்தத்தில் ஒட்டாதவை. அவை ஒரு மாதம் கடல்நீரில் கிடந்தும் நீர் தெளிவாகவே இருந்தது. இவை அனைத்தையும் அருகிலிருந்து பார்த்தேன். பார்த்ததோடு சரி.

அதன் பின்னர் பலகைகள் ‘குட்டி யானை’ என்று நாங்கள் அழைக்கும் சிறு வண்டியில் வந்து இறங்கின. அலமாரி செய்ய ஒப்புக்கொண்டிருந்த தச்சர் காடாம்புலியூர்க்காரர். ஐம்பது வயதிருக்கும், அளந்து பேசுபவர். ஒரு பலகையை ஒற்றைக் கையால் தூக்கினார். விரல் முட்டியால் தட்டினார். பிறகு அதைச் சாய்த்து வைத்து, அதன் ஓரத்தையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், இப்பிடி வாங்களேன். இந்த ஓரத்தப் பாருங்க. அடுக்குக்கு அடுக்கு கறுப்பா ஒரு கோடு ஓடணும். அது தண்ணி தாங்கற பசை. இதுல கோடே வெளுத்துக் கெடக்குது. இங்க பாருங்க, நகமே உள்ள போவுது.”

“வாட்டர் புரூஃப்னு முத்திரை குத்தியிருக்கே மேஸ்திரி?”

“முத்திரைதானே? உருளைக்கெழங்குல வெட்டி நானும் குத்துவேன் சார்.”

அப்பாவின் கண்களில் ஆய்வுக்கூடம் திறந்துகொண்டது. இதற்கு என்ன சோதனை என்று கேட்டார். தச்சர் தம் பையிலிருந்து உள்ளங்கையளவு துண்டு ஒன்றை எடுத்தார். திருவதிகையில் ஒரு வீட்டுக்கு வேலை செய்தபோது மிஞ்சிய நல்ல பலகையின் துண்டு அது. “உங்க பலகைல இதே அளவுக்கு ஒண்ணு வெட்டித் தரேன். ரெண்டையும் ஒரே பானைல போட்டு எட்டு மணி நேரம் கொதிக்க வையுங்க. நின்னா பலகை. பிரிஞ்சா அட்டை.”

அன்றிரவுச் சாப்பாட்டின்போது வீட்டில் பேச்சு முற்றிவிட்டது. பலகையை வேக வைக்கும் அடுப்பில் தாம் சோறு வடிக்கப் போவதில்லை என்றார் அம்மா. சீராக வந்த பொருளைச் சோதிப்பது தம்பியின் முகத்தில் அடிப்பதாகும் என்றும் சொன்னார். அப்பா தட்டை நகர்த்தி வைத்தார்.

“கீலுக்கு ஒரு தடவை விட்டாச்சு. பலகையும் அதே கதின்னா, வந்த வண்டியிலயே ஏத்தி அனுப்பிடுவேன். சீரும் வேணாம், சீரு தூக்கினு வர்ற ஆளும் வேணாம்.”

“அவன் வராம அந்த வாசப்படிய நான் எப்படி தாண்டுவேன்? சொல்லுங்க, எப்படி தாண்டுவேன்?”

அப்பா எழுந்து கை கழுவப் போனார். அம்மா அழவில்லை; அதுவே எனக்கு அச்சமாக இருந்தது. நாளை அந்தத் துண்டு பிரிந்தால் மாமா இனி எங்கள் வீட்டுக்கு வர மாட்டார் என்பது மட்டும் எனக்குத் தெளிவாகப் புரிந்தது. என் காது குத்தப்பட்டது அவர் மடியில்தான். தட்டான் ஊசியைக் காதருகே கொண்டுவந்தபோது, வாய்க்கு எட்டிய அவருடைய கட்டைவிரலை ரத்தம் வரக் கடித்துவிட்டேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. என் பற்களின் தழும்பு அந்த விரலில் பிறை போல இருந்தது. பார்க்கும்போதெல்லாம் அதை என் முன் நீட்டி, “இந்தக் கடிக்கு நஷ்டஈடு எப்போ பாப்பா?” என்பார்.

ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கொல்லைப்புறத்தில் மூன்று கற்களை வைத்து அப்பா அடுப்பு மூட்டினார். தச்சர் இரு துண்டுகளிலும் துளையிட்டு, மாமாவின் பலகைத் துண்டில் சிவப்பு மின்கம்பியையும், தம் துண்டில் மஞ்சள் மின்கம்பியையும் கட்டி, அடையாளத்துக்காகக் கம்பி நுனிகளைக் குண்டானுக்கு வெளியே தொங்கவிட்டார். காவலுக்கு யார் என்ற கேள்வி எழுந்தபோது அப்பா சிறிது சிந்தித்தார். அம்மா தம்பியின் பக்கம். தச்சர் தம் துண்டின் பக்கம். சோதனையைக் கண்காணிப்பவர் எப்பக்கமும் சாராதவராக இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே என்னைத் தேர்ந்தெடுத்தார். மடியையும் கடியையும் அவர் கணக்கில் கொள்ளவில்லை.

“தண்ணி கொறையக் கொறைய ஊத்தணும். தீ அணையக் கூடாது. நாலு மணிக்கு நாங்க வருவோம். அஞ்சுக்கு உன் மாமா வராரு.” இவ்வாறு கூறிவிட்டு, புது வீட்டில் அளவெடுப்பதற்காக அப்பா தச்சரை அழைத்துச் சென்றார்.

அம்மா கொல்லைப் பக்கம் வரவேயில்லை. உள்ளே அவர் பாத்திரங்களைத் தேவைக்கு மேல் ஓசையுடன் கழுவுவது கேட்டது. சவுக்கு விறகு வெடித்து வெடித்து எரிந்தது. ஒன்பது மணிக்கு நீர் தேநீர் நிறமானது. பத்து மணிக்கு மூடியைத் திறந்து பார்த்தேன்; இரண்டு துண்டுகளும் ஒன்று போலவே இருந்தன. முருகனுக்கு வேண்டிக்கொண்டேன். பதினோரு மணிக்குச் சிவப்புக் கம்பியின் துண்டு ஒரு மூலையில் தடித்திருந்தது. எதிர்வீட்டு வானொலியில் பன்னிரண்டு மணிச் செய்தி தொடங்கியபோது, அதன் ஓரம் மழையில் நனைந்த நோட்டுப் புத்தகம் போல விரியத் தொடங்கிவிட்டது.

ஒரு கொள்ளியை வெளியே இழுத்துத் தீயைத் தணித்தேன். பிறகு அப்பாவை நினைத்து மீண்டும் உள்ளே தள்ளினேன். தணித்தாலும் பயனில்லை என்பது தெரிந்தேயிருந்தது. ஒரு முறை விரிந்தது மூடிக்கொள்ளாது. மஞ்சள் கம்பியின் துண்டோ, அப்பொழுதுதான் அறுத்தது போல இறுகிக் கிடந்தது. அதன்மேல் எனக்குக் கடுங்கோபம் வந்தது. ஒரு மணிக்கு மாமாவின் துண்டிலிருந்து மேலடுக்கு பிரிந்து, நாக்கு நீட்டுவது போலத் தொங்கியது.

சமையலறையிலிருந்து கிடுக்கியை எடுத்துவந்தேன். அம்மா அப்பொழுது முன்பக்கத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். இரு துண்டுகளையும் துவைக்கும் கல்லின்மேல் எடுத்து வைத்தேன். ஆவி பறந்தது. கொதிநீரில் இளகியிருந்த மின்கம்பியின் முடிச்சு நகத்துக்கு அகப்படாமல் வழுக்கியது. ஊதினேன், பற்களால் இழுத்தேன், விரல் நுனிகள் வெந்தன. தெருவில் சைக்கிள் மணி கேட்டபோதெல்லாம் அப்பாதான் வந்துவிட்டார் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். கடைசியில் முடிச்சுகள் அவிழ்ந்தன. பிரிந்த துண்டுக்கு மஞ்சள். இறுகிய துண்டுக்குச் சிவப்பு. மீண்டும் கட்டிக் குண்டானில் இட்டு, ஒரு செம்பு நீரையும் ஊற்றி மூடினேன்.

“கையில இன்னா பாப்பா?” பின்வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தார்.

“ஆவி பட்டுடுச்சும்மா.”

அவர் துவைக்கும் கல்லைப் பார்த்தார். அதில் இரண்டு துண்டுகள் அளவுக்கு ஈரம் இருந்தது. பிறகு உள்ளே சென்று, ஒரு கரண்டி இட்லி மாவைக் கொணர்ந்து என் விரல்களில் தடவினார். குண்டானைத் திறந்து பார்க்கவில்லை.

நான்கு மணிக்கு அப்பா மூடியைத் திறந்தார். சிவப்புக் கம்பியைப் பிடித்துத் தூக்கினார். துண்டு முழுதாக வந்தது. மஞ்சள் கம்பியைத் தூக்கினார்; ஏட்டைப் புரட்டியது போல அடுக்குகள் விரிந்து நீர் சொட்டியது. தாம் எதிர்பார்த்த விடை வராவிட்டாலும் சோதனையின் முடிவுக்குத் தலைவணங்குவதே முறை என்று எண்ணியவராய், நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

“இன்னா மேஸ்திரி, உங்க பலகை இப்பிடி வாயப் பொளந்துடுச்சு?”

அப்பா கம்பியின் நிறத்தைப் பார்த்தார். தச்சர் பலகையின் ஓரத்தைப் பார்த்தார். சிவப்புக் கம்பியின் துண்டைக் கையில் வாங்கி, கட்டைவிரலால் ஓரத்தைத் தடவினார். அடுக்குக்கு அடுக்கு கறுப்புக் கோடு ஓடியது. அவர் பார்வை துண்டிலிருந்து முடிச்சுக்கும், முடிச்சிலிருந்து என் விரல்களில் காய்ந்திருந்த மாவுக்கும் வந்தது. பின்னர் வாசற்படியில் நின்ற அம்மாவின் முகத்துக்குச் சென்றது. அம்மா தலை குனிந்தார். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நான் கண்களை மூடிக்கொண்டேன்.

“இருக்கும் சார்,” என்றார் தச்சர். “நான் வாங்கின எடத்துல எவனோ மாத்திக் குடுத்திருப்பான்.” துண்டைத் திரும்பக் கொடுத்துவிட்டுச் சற்றுக் கழித்துச் சொன்னார்: “ஆனா ஒண்ணு சார். பாத்திரம் கழுவற தொட்டிக்குக் கீழயும் தரையோட ஒட்டியும் கடப்பாக்கல்லு வச்சிடுவோம். பலகைய மேல மட்டும் போட்டுக்கறேன். அது என் வேலை மொறை.” அப்பா அதற்கு இணங்கினார். தோற்றவர் கேட்கும் சிறு சலுகை என்று அவர் எண்ணியிருக்கக்கூடும்.

ஐந்து மணிக்கு மாமா கைப்பிடி மாதிரிகள் நிறைந்த பெட்டியுடன் வந்தார். அப்பா எழுந்து சென்று, இரு கைகளாலும் அவருக்கு அந்தத் துண்டைக் கொடுத்தார். “எட்டு மணி நேரம், மச்சான். ஒரு அடுக்கு பிரியல. நான்தான் தப்பா நெனச்சிட்டேன்.”

மாமாவின் முகத்தில் மகிழ்ச்சிக்கு முன்னதாக வியப்பு தோன்றியதை நான் கண்டேன். “நெஜமாவா மாமா? எட்டு மணி நேரமா?” துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “உங்ககிட்ட சொல்றதுக்கு இன்னா. இந்தச் சரக்கப் பத்தி ரெண்டு பேரு ஒரு மாதிரி சொன்னாங்க. போட்டவன்கிட்டயே மொத்தத்தையும் திருப்பிடலாமான்னு நெனச்சினு இருந்தேன். நீங்களே வேக வச்சுப் பாத்துட்டீங்க, இனிமே இன்னா பேச்சு? இன்னொரு லோடு ஜாஸ்தியாவே எறக்கிடறேன்.”

அம்மா காப்பி கொண்டுவந்தார். தம்பியின் முகத்தைப் பாராமலே டம்ளரை நீட்டினார். மாமா தழும்பு விரலை என் முன் நீட்டி நஷ்டஈடு கேட்டார். அவ்வீட்டில் அன்று என்னைவிட மகிழ்ந்தவர் எவரும் இலர்.

புதுமனை புகுவிழா சிறப்பாக நடந்தது. மாமா முன்னே வர, அம்மா வாசற்படியைத் தாண்டினார். தச்சர் விழாவுக்கு வரவில்லை. அவருடைய பலகை வாய் பிளந்த கதையை அப்பா பார்ப்போரிடமெல்லாம் சொல்லி வந்தார். அச்சாலையில் அதன்பின் எழுந்த வீடுகளில் அவரை நான் பார்த்ததில்லை.

மார்கழியில் ஆருத்ரா தரிசனத்துக்குச் சிதம்பரம் சென்றபோது மாமாவின் கடைக்குப் போனோம். கல்லா மேசையின்மேல், ஊதுவத்தித் தட்டுக்கு அருகில், அந்தத் துண்டு சிவப்புக் கம்பியுடன் நின்றுகொண்டிருந்தது. வந்த வாடிக்கையாளரிடம் மாமா அதைத் தூக்கிக் காட்டினார். “எங்க மாமா சயின்ஸ்காரரு. எட்டு மணி நேரம் வேக வச்சாரு. பாருங்க, ஒரு நூலு பிரிஞ்சிருக்குதா?” மாமா நகர்ந்ததும் நான் அதன்மேல் படிந்திருந்த சாம்பலைத் துடைத்து, நேராக நிறுத்தி வைத்தேன். இந்தக் கடையையே நான் தாங்கிப் பிடித்திருப்பதாக ஒரு பெருமிதம் உள்ளூர நிறைந்திருந்தது.

அடுத்த ஐப்பசி மழையில் சுவர்களில் ஓதம் ஏறியது. சேத்தியாத்தோப்பில் வரிசையாக வீடுகள் கட்டி, எல்லாவற்றுக்கும் மாமாவிடமே பலகை வாங்கியிருந்த ஒருவர், உப்பி விரிந்த அலமாரிகளை டிராக்டரில் ஏற்றிவந்து கடை வாசலில் கொட்டினார். மாமா உள்ளே ஓடிச்சென்று அந்தத் துண்டை எடுத்துவந்து காட்டினாராம். அம்மனிதர் அதை வாங்கி, கொட்டிக் கிடந்த பலகை ஒன்றின் ஓரத்தோடு சேர்த்துப் பிடித்தார். ஒன்றில் கறுப்புக் கோடுகள், மற்றதில் வெள்ளை. “வேற பலகைய வேக வச்சு ஊர ஏமாத்துனியாய்யா?” என்று அவர் கேட்டது அந்த வீதி முழுவதும் கேட்டிருக்கிறது. கெட்ட சரக்கு விற்ற கடைக்கு மன்னிப்பு உண்டு. மேசைமேல் பொய்யை வைத்து விற்ற கடைக்கு அவ்வூரில் ஒருவரும் திரும்ப வரவில்லை. தை பிறக்குமுன் கடையின் கதவு நிரந்தரமாக இறங்கியது.

ஒரு நாள் மாலை மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். சிவப்புக் கம்பி வெளுத்திருந்தது.

“மாமா, ஒண்ணே ஒண்ணு. அன்னிக்கு செவப்புக் கம்பிய என் துண்டுலதானே கட்டினாங்க?”

“என் கண்ணால பாத்தேன் மச்சான். கொழந்தை நாள் முழுக்க பக்கத்துலயே இருந்துது. வேணும்னா அவளையே கேளு.”

மாமா என்னைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்க்கவில்லை. நான் தலையசைத்தேன்.

“அப்பன்னா அந்த மேஸ்திரிதான் ஆரம்பத்துலயே மாத்திக் கட்டிட்டாரு,” என்றார் அப்பா, கசப்புடன். மாமா எழுந்து சமையலறைக்குச் சென்றார். கடப்பாக்கல்லின்மேல் ஈரம் படாமல் இருந்த அலமாரிகளைத் தடவிப் பார்த்தார். “உங்க வூட்ல மட்டும் நல்லாத்தான் இருக்குது,” என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். பிறகு ஒரு கதவைத் தழும்பு விரலால் திறந்து மூடினார். மீண்டும் திறந்து மூடினார்.

சொன்னால் மாமா இனி வர மாட்டார் என்ற அதே அச்சத்துடன் நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். அவர் விரலின் கீழ் ஓசையின்றி அசைந்த அந்தக் கீல்கள், அப்பா செந்நீர்ப் புட்டியை நீட்டியபோது கோபிக்காமல் சிரித்துவிட்டு அவர் தாமே மாற்றிக் கொண்டுவந்தவை. அதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.